சிவனுக்குப் பிரட்டு அடி

நல்லையாவின் வலது கை ரோலரில் சிக்கிய வாரத்தில்தான் தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றக் குழி வெட்டினார்கள்.

மாசி பிறந்திருந்தது. றப்பர் மரங்கள் இலையைக் கொட்டி முடித்துச் செம்பு நிறத்தில் தளிர்விட ஆரம்பித்திருந்தன. மாத்தளை டவுனிலிருந்து மேலே ஏறும் பாதை முழுக்கச் சருகு. முச்சக்கர வண்டி ஒன்று போனால் பின்னாலேயே சருகும் எழும்பிக் கொஞ்ச தூரம் ஓடும். விடியலில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் ஆள் நிற்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் மிளகு காய்ந்தது. அந்தக் காரமும் றப்பர் ஆலையான ஸ்டோரிலிருந்து வரும் புளித்த றப்பர்பால் நெடியும் கலந்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசல்வரை வரும். பிறத்தியாருக்கு மூக்கைப் பொத்தத் தோன்றும். அங்கே பிறந்தவர்களுக்கு அது வீட்டு வாசனை.

உறைந்த பாலைத் தகடாக்கும் ரோலரில் இரண்டு பேர் நிற்பார்கள். நல்லையா இந்தப் பக்கம் நின்று ஊட்டுவான். உதயராஜ் அந்தப் பக்கம் நின்று இழுப்பான். ஏதாவது சிக்கினால் நிறுத்துவதற்கு உதயராஜின் கைப்பக்கம் ஒரு பிடி உண்டு. அது கழன்றுபோய்க் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. "சொல்லியாச்சு, செய்வாங்க" என்று தைப்பொங்கலுக்கு முந்தியே பேச்சு. அன்று நல்லையாவின் கை உள்ளே போனபோது உதயராஜ் பிடியை இழுத்தான். பிடி அவன் கையோடு வந்துவிட்டது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு மெயின் சுவிட்சுக்கு ஓடினான். அவன் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் இரண்டு விரல் நசுங்கிவிட்டது.

மாத்தளை ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். நல்லையா வீடு திரும்புவதற்கு முன்னாலேயே தோட்டத்துக்குக் கதை வந்துவிட்டது. நல்லையா குடித்துவிட்டு வேலைக்கு வந்தானாம். ஒபிசில் உதயராஜ் அப்படித்தான் சொல்லிக் கையெழுத்தும் வைத்தானாம்.

நல்லையா குடிக்காதவன் இல்லை. சம்பள நாளில் அவன் எந்த நிலையில் வீடு வருவான் என்பது லயத்துக்கே தெரியும். ஆனால் அவன் காமன் கூத்தில் தப்புப் பறை அடிப்பவர்களில் முதல் ஆள். தை அமாவாசைக்குப் பிறகு கம்பம் எரிகிறவரை அவன் கள்ளும் தொடமாட்டான், கருவாடும் தொடமாட்டான். பாயில்கூடத் தனியாகத்தான் படுப்பான். இதுவும் லயத்துக்கே தெரியும். தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை.

அவன் மனைவி மங்களேஸ்வரி பால் வெட்டுகிறவள். விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டை வைத்து, வெயில் ஏறுமுன் வாளியில் பால் சேர்த்துக்கொண்டு வருவாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் எதிரில் இருப்பவர் அடுத்த வார்த்தைக்குத் தடுமாறுவார்.

ஒரு பின்னேரம் தோட்டத்து மேனேஜர் துரையின் ஆளாகக் கணக்கப்பிள்ளை விஜேந்திரன் வந்தார். வீட்டுக்குள் வராமல் வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். மங்களேஸ்வரி பிளேன்டீயும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"மங்களேசு, நான் சொல்றத கொஞ்சம் பொறுமையா கேளு. தொரை ஒண்ணும் கெட்டவரு இல்ல. அன்னைக்கி கொஞ்சம் போட்டிருந்தேன், என் கவனக்கொறவுதான்னு நல்லையா ஒத்த வார்த்த சொன்னா போதும். கேட்டுல வாச்சர் வேல. ஒக்காந்த எடத்துல வேல."

"அவரு போட்டிருக்கலியே."

"அது எனக்குந் தெரியும், ஒனக்குந் தெரியும்."

"அப்ப தொரைக்கு மட்டுந்தான் தெரியாதாங்க?"

விஜேந்திரன் கருப்பட்டியைக் கடித்தார். "தெரியாம என்னா. அவருக்கு மேல கொழும்புல ஆளுங்க இருக்கு. மெஷின் பழுதுன்னு தெரிஞ்சே ஓட விட்டோம்னு போனா அவரு தல உருளும்."

"அவரு தல நிக்கிறதுக்கு எங்க வீட்டுக்காரரு பேர வெட்டிக் குடுக்கணுமா?"

"பேர வச்சுக்கிட்டு என்னா செய்யப் போற? ஒல வைக்கவா?"

உள்ளேயிருந்து நல்லையா பேசினான். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி படுத்திருந்தான். "கணக்கப்புள்ளைங்களே, வாச்சர் வேலைன்னா கேட்டுல நிக்கணும். போறவன் வாறவன் எல்லாம் என்னைப் பாப்பான். 'இவந்தான் கம்பத்துக்கு விரதம் இருந்துக்கிட்டே குடிச்சிட்டுக் கைய விட்டவன்'னு புள்ளைக்கிக் காட்டுவான். அதுக்கு அந்த ரோலர்லயே மிச்சக் கையையும் விட்டுருவேன்."

விஜேந்திரன் தேநீரை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். "யோசிங்க" என்றார். மங்களேஸ்வரி கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ரொட்டிக்கு மா பிசையப் போய்விட்டாள்.

அந்தத் தோட்டத்துக் கூத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காமன் கூத்து மலைநாடெங்கும் நடப்பதுதான். தேவர்கள் கெஞ்சிக் கேட்டார்கள் என்று மதன் தவத்தில் இருக்கும் சிவனின் மேல் அம்பு விடுகிறான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரிக்கிறார்; மதனாக நிற்கும் கம்பத்தைக் கொளுத்துவதுதான் அந்தத் தகனம். ரதி அழுது, வாதாடி, மூன்றாம் நாள் புருஷனை எழுப்பிக்கொள்கிறாள். இந்தக் கதையில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு அடி உண்டு. தப்பில் அந்த அடி விழுந்தால் வேசக்காரர் திரைக்குப் பின்னால் நின்றாலும் சனம் "தூதன் வாறான்", "எமன் வாறான்" என்று திரும்பிப் பார்க்கும்.

மதனுக்கு அங்கே நடை அடி. டண்டணக்கு டணக்கு, டண்டணக்கு டணக்கு. இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த கூட்டத்துக்கு முன்னால் மிருகத்தை விரட்ட அடித்துக்கொண்டு வந்த அடி அது என்பார்கள். வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டுத்தான் நடந்தார்கள். தப்பு நின்றால் பின்னால் வருகிறவர்களும் நின்றுவிடுவார்கள் என்று அதை நிறுத்தாமல் அடித்தார்களாம். மதன் ஆடி வரும்போது கிழவர்கள் கால் மாற்றி நிற்பது அதனால்தான்.

சிவனுக்கு வேறு எந்தத் தோட்டத்திலும் இல்லாத அடி. டண், டண், டண். ஒரு இடைவெளி. மறுபடி டண், டண், டண். சோடனை ஒன்றும் கிடையாது. அது பிரட்டு அடி. ஆட்களை வேலைக்கு எழுப்பிப் பிரட்டுக்களத்தில் நிறுத்துவதற்கு அந்தக் காலத்தில் விடியற்காலையில் அடித்த தப்பு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஒரு மாசி விடியலில், தகனம் முடியுமுன்னே துரை குதிரையில் வந்து, கூத்தை விட்டுப் பிரட்டுத் தப்பை அடி என்றாராம். தப்புக்காரர் மறுக்கவில்லை. பிரட்டுத் தப்பைத்தான் அடித்தார். ஆனால் அந்த அடிக்கு ஒரு ஆளும் பிரட்டுக்களத்துக்குப் போகவில்லை. சிவன் வேசக்காரர் அந்த அடிக்குக் கால்வைத்து உள்ளே வந்தார். சொன்னது நடந்ததா நடக்கவில்லையா என்று துரைக்கே விளங்கவில்லை. எரிக்க வருகிறவர் யார் என்பது சனத்துக்கு நன்றாக விளங்கியது. அன்றையிலிருந்து அங்கே சிவனுக்கு அந்த அடிதான்.

இப்போது பிரட்டுக்குச் சைரன் ஊதுகிறார்கள். அடி கூத்துக்குள் மட்டும் இருக்கிறது.

மகள் தனுஷா சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்கிறாள். அப்பாவுக்கு அடிபட்ட செய்தி கேட்டு லீவு போட்டு வந்திருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அங்கே நடக்கிற கதை சொன்னாள்.

"அங்கயும் தப்படிக்கிறாங்கம்மா. வெள்ளக்காரங்களுக்கு. பின்னேரம் நீச்சல் கொளத்துப் பக்கத்துல நாலு பேரு தலப்பா கட்டிக்கிட்டு வருவாங்க. என்னா அடி தெரியுமா? சாவு அடி. பாடை தூக்குற அடிய அடிச்சுக்கிட்டுத்தான் சாப்பாட்டுக் கதவத் தொறக்குறாங்க. நான் ஒரு நாள் மேனேஜர்கிட்ட சொன்னேன். 'அவங்களுக்கு விளங்காதுதானே, நல்லா இருக்கு, விடு'ங்கிறாரு."

நல்லையாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய தப்பை எடுக்கச் சொன்னான். மகள் எடுத்துக் கொடுத்தாள். இடது தோளில் சார்த்திப் பழக்கப்பட்ட தப்பை வலது பக்கம் மாற்றி வைத்து, தடித்த அடிகுச்சியை இடது கையில் பிடித்து அடித்துப் பார்த்தான். அடி விழுந்தது. ஆனால் பிந்தி விழுந்தது. மறுபடி அடித்தான். மறுபடியும் பிந்தியது.

மங்களேஸ்வரி அம்மியில் தேங்காய்ச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள். அவன் மூன்றாம் தரம் பிசகியபோது குழவியால் அம்மி ஓரத்தில் தட்டினாள். டண்டணக்கு டணக்கு. தட்டிவிட்டு மறுபடி அரைத்தாள்.

நல்லையா குச்சியைக் கீழே வைத்தான். "இன்னொருக்கா தட்டு."

தட்டினாள்.

"தூதன்."

தூதனைத் தட்டினாள். எமனைத் தட்டினாள். கலியாணம் கட்டி வந்த வருஷத்திலிருந்து அவன் தப்புக் காய்ச்சும் நெருப்புக்குச் சருகு போட்டவள் அவள்தான். ஒரு கூத்தும் தவறவிட்டதில்லை.

"நீ அடி" என்றான் நல்லையா.

"பொம்பள அடிச்சா ஊரு விடுமா?"

"என்னா ஊரு? எங் கை போனப்ப ஊரு வாயத் தொறந்துச்சா? இப்ப மட்டும் எதுக்குத் தொறக்கணும்?"

தனுஷா எழுந்து அம்மாவின் கையைக் கழுவிவிட்டாள். மிளகாய்க் கையோடு தப்புத் தோலைத் தொடக் கூடாது.

மறுநாள் கம்பத்தடியில் கூட்டம். தலைவர் ராசையா நாற்காலியில் இருந்தார். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கூத்துக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். பாட்டுப் பாடும் வாத்தியார் செல்லச்சாமி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உதயராஜ் ஒரு ஓரத்தில் நின்றான். இந்த வருஷமும் அவனுக்குத்தான் சிவன் வேசம்.

மங்களேஸ்வரி தான் அடிப்பதாகச் சொன்னதும் ராசையா எழுந்துவிட்டார். "என்னா வெளையாட்டா? பொம்பள தப்பத் தூக்குனா கம்பம் பத்துமா?"

"நெருப்பு வச்சா பத்தும் மாமா."

யாரோ சிரித்தார்கள். ராசையா சிரித்தவரைத் தேடினார்.

செல்லச்சாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "தலைவரே, தீட்டு கீட்டெல்லாம் அப்பறம் பேசுவோம். வேற யாரு இருக்கா? நட அடி தெரியாதவன் கையில குடுத்தா மதன் நொண்டிக்கிட்டுத்தான் வரணும். எனக்குப் பாட்டும் போயிரும். அந்தப் புள்ள விரதம் இருந்து அடிக்கட்டும்."

ராசையா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு குரலை இறக்கினார். "சரி. ஆனா ஒண்ணு. இந்த வருசம் தகனத்துக்குத் தொரை வாறாரு. கம்பனியில லைட்டு, கொட்டகை எல்லாம் தாறாங்க. அதனால சிவன் வாறதுக்கு வேற அடி போட்டுக்குவோம். கணக்கப்புள்ள அவருக்கிட்ட அர்த்தத்தச் சொல்லிக் கில்லி வச்சிட்டா நல்லா இருக்காது."

"சிவனுக்கு உள்ள அடியத்தான் நான் அடிப்பேன்" என்றாள் மங்களேஸ்வரி. "வேற அடிக்கு அவரு வருவாரான்னு ஆடுறவருகிட்டயே கேளுங்க."

எல்லாரும் உதயராஜைப் பார்த்தார்கள். கை சிக்கிய நாளுக்குப் பிறகு அவன் மங்களேஸ்வரியின் முகத்தைப் பார்த்ததில்லை. அப்போதும் பார்க்கவில்லை. "அந்த அடி இல்லாட்டி எனக்குக் கால் எழும்பாதுங்க" என்றான்.

"அப்ப சுருக்கா முடிங்க. மூணு சுத்து. அதுக்கு மேல வேணாம்" என்றார் ராசையா.

பால் வெட்டி வரும் வழியில் உதயராஜ் ஒரு காலை அவளை மறித்தான். பனி விலகாத மரத்துக்கடியில் நின்றான். "அண்ணி... தொரை கூப்புட்டுக் கேட்டாரு. எனக்கும் ரெண்டு புள்ளைங்க. பெர்மனன்ட் இல்ல. என்னா செய்யச் சொல்றீங்க?"

மங்களேஸ்வரி வாளியைத் தரையில் வைக்கவில்லை. பால் தளும்பக் கூடாது. "நான் ஒண்ணும் செய்யச் சொல்லலியே தம்பி. நீ விரதம் இருக்க. நெத்தியில திருநீறு பூசுறப்ப எதை நெனச்சுப் பூசுறியோ, அது ஒன் பாடு."

அவன் வழிவிட்டான்.

தகன நாள் வந்தது. அந்திக்குத் தொடங்கிய கூத்து இரவெல்லாம் நடந்தது. மதன் ஆடினான், ரதி ஆடினாள், தூதன் ஓலை கொண்டுவந்தான். மங்களேஸ்வரி பழைய சேலையை இழுத்துச் செருகி, தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். முதலில் பின்னாலிருந்து ஒரு சீட்டியும் இரண்டு கேலியும் வந்தன. மதனின் நடை அடி விழுந்ததும் அவை அடங்கிவிட்டன. பலாமரத்தடியில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நல்லையா உட்கார்ந்திருந்தான். அவன் கால் மட்டும் தாளம் போட்டது.

கிழக்கே மலை விளிம்பு வெளுக்கும் நேரத்தில் ஜீப் வந்தது. துரை இளவயதுக்காரர். கம்பளிச் சட்டை போட்டிருந்தார். ராசையா மாலை போட்டார். கணக்கப்பிள்ளை நாற்காலியைத் துடைத்தார். தனுஷா அந்தப் பக்கம் பெண்களோடு நின்றாள்.

செல்லச்சாமி கதையைப் பாடினார். தேவர்கள் மதனிடம் கெஞ்சுகிறார்கள். போகாதே என்று ரதி தடுக்கிறாள். எங்களுக்காகப் போ, உனக்கு ஒன்றும் வராது, நாங்கள் இருக்கிறோம் என்று தேவர்கள் சொல்கிறார்கள். மதன் போகிறான், அம்பை விடுகிறான்.

தப்பு ஒரு கணம் நின்றது.

டண், டண், டண்.

குளிருக்குப் போர்த்திக்கொண்டு கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். டண், டண், டண். உடம்பெல்லாம் திருநீறும் சடைமுடியுமாக உதயராஜ் கால்வைத்து வந்தான். கம்பத்தை ஒரு சுற்று வந்தான். இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று முடிந்து கம்பத்துக்கு நேரே நின்றான். கையில் பந்தம்.

இங்கே அடி மாற வேண்டும். பிரட்டு அடி போய் எரிப்பு அடி வர வேண்டும். அந்த மாற்றம்தான் நெற்றிக்கண். அடி மாறாமல் சிவன் எரிக்கக் கூடாது, மாறாதவரை நிற்கவும் கூடாது.

அடி மாறவில்லை.

டண், டண், டண். உதயராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி நடந்தான். இன்னொரு சுற்று. இன்னொன்று. அடி பிசகிவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். பலாமரத்தடியில் நல்லையா நிமிர்ந்து உட்கார்ந்தான். அது பிசகில்லை என்று அவனுக்குத் தெரியும்.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன இது, ஒரே அடியாகவே அடிக்கிறாங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சேர், சாமி அடி" என்றார் விஜேந்திரன்.

தனுஷா இரண்டு அடி முன்னால் வந்தாள். ஹோட்டலில் விருந்தாளிகளுக்குச் சொல்கிற அதே தெளிவான குரலில், சிங்களத்திலேயே சொன்னாள். "சாமி அடி இல்ல சேர். இது பிரட்டுக்குக் கூப்பிடுற அடி. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை அடிக்கச் சொன்னது. இந்தத் தோட்டத்துல எரிக்க வாறவரு இந்த அடிக்குத்தான் வருவாரு."

துரை சிரிக்கப் பார்த்தார். "அப்ப நான்தான் சிவனா?"

"எரிச்சதோட கதை முடியிறதில்ல சேர். ஏன் எரிச்சேன்னு ரதி கேப்பா. சிவன் பதில் சொல்லணும். அதுக்காகத்தான் இந்தக் கூத்து."

துரையின் சிரிப்பு பாதியில் நின்றது.

ராசையா மங்களேஸ்வரியிடம் ஓடினார். "மாத்து! மாத்துடி! என்னா செய்யிற?"

அவள் கை நிற்கவில்லை. "மாத்துறேன் மாமா. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. மதன வேலைக்கு அனுப்புனது யாரு?"

செல்லச்சாமிதான், கூத்தில் கேள்வி வந்தால் பதில் சொல்லிப் பழகிய வாயால், "தேவருங்க" என்றார்.

"அனுப்புன தேவருங்க எங்க? எரியிறப்ப ஏன் ஒருத்தரும் முன்னுக்கு வரல?"

டண், டண், டண்.

"பிடி ஒடஞ்ச மெஷினுக்கு எங்க வீட்டுக்காரர அனுப்புனது யாரு?"

தப்புக் காய்ச்சும் நெருப்புக்குள் சருகு வெடிக்கும் சத்தம் கேட்டது. உதயராஜ் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தான். வியர்வையில் திருநீறு கரைந்து நெஞ்சில் கோடு கோடாக இறங்கியது. அந்த அடி விழுகிறவரை அவன் கால் நிற்க முடியாது. மேலே ஸ்டோர்ப் பக்கமிருந்து சைரன் ஊதியது. பிரட்டு நேரம். ஒரு ஆளும் அசையவில்லை. சைரன் நீளமாக ஊதி ஓய்ந்தது. தப்பு ஓயவில்லை.

துரைக்கு நேரே வந்தபோது உதயராஜின் கால் நின்றது. அடி நிற்காமலே நின்றது.

"நல்லையாண்ணன் குடிக்கல" என்றான். மறுபடி சொன்னான். கத்திச் சொன்னான். "குடிக்கல! வெரதம் இருந்தாரு. பிடி ஒடஞ்சு கெடந்துச்சு, கம்பி கட்டியிருந்துச்சு. இழுத்தேன், எங் கையோட வந்திருச்சு. நாந்தான் பொய்க் கையெழுத்து வச்சேன். தொரை சொல்லி வச்சேன்."

கணக்கப்பிள்ளை துரையின் பக்கம் குனிந்தார். என்ன சொல்கிறான் என்று துரை கேட்கவில்லை. தோட்டத்தில் நாலு வருஷம் இருந்தவருக்கு அவ்வளவு தமிழ் விளங்கும்.

"பிடி ஒடஞ்சத நாங்களும் சொன்னோம்" என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். "பொங்கலுக்கு முன்னுக்கே சொன்னோம்." இன்னொரு குரல். ஸ்டோரில் தகடு காயப்போடுகிறவர், அமிலம் கலக்குகிறவர், லொறிக்கு ஏற்றுகிறவர் என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். இத்தனை நாளும் அவரவர் வீட்டுக் கதவுக்குள் வைத்திருந்ததை வெளியே வைத்தார்கள். ராசையா எல்லாரையும் கைகாட்டி உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை.

துரை மாலையைக் கழற்றி நாற்காலிமேல் வைத்துவிட்டு ஜீப்புக்கு நடந்தார். விஜேந்திரன் பின்னால் ஓடினார்.

ஜீப்பின் சத்தம் வளைவு தாண்டியதும் மங்களேஸ்வரி அடியை மாற்றினாள். எரிப்பு அடி சரசரவென்று விழுந்தது. உதயராஜ் பந்தத்தை எறிந்தான். காமன் கம்பம் ஒரே வீச்சில் பற்றியது. ரதி வேசக்காரர் தலையிலடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். அந்த வருஷம் ரதி கேட்ட கேள்விகளுக்குச் சனமும் சேர்ந்து குரல் கொடுத்தது.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் இனிப்பாக இருக்கவில்லை. மறுவாரமே உதயராஜை ரோலரிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்குப் போட்டார்கள். தலைவர் ராசையா, சங்கம் இதில் தலையிடாது என்றார். லயத்து ஆட்கள் வேறு தலைவர் தேடப் போகிறோம் என்றதும் தலையிட்டார். மாத்தளையில் தொழில் விசாரணை நடந்தது. உதயராஜ் போய்த் தன் கையெழுத்தைத் தானே பொய் என்றான். அவனோடு ஸ்டோர் ஆட்களும் வான் பிடித்துப் போனார்கள். நல்லையா குடித்திருக்கவில்லை, மெஷின் பழுதால் வந்த விபத்து என்று முடிவானது. புதுப் பிடி போடும்வரை ரோலரை ஓட்டக் கூடாது என்றும் சொன்னார்கள். நஷ்டஈடு இழுபடுகிறது. நல்லையா வாச்சர் வேலைக்குப் போகவில்லை. புகையறையில் தகடு எண்ணி மாட்டுகிறான். ஒற்றைக் கையால் செய்யக்கூடிய வேலை.

விசாரணையன்று தோட்ட நிர்வாகத்துக்காகப் பேச வந்தவர் வேறொன்றையும் எழுப்பினார். இந்தப் பெண் சமயச் சடங்கை நிறுத்திவைத்து, துரையை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினாள், ஆட்களை மிரட்டி வாக்குமூலம் வாங்கினாள் என்றார். அதிகாரி மங்களேஸ்வரியைக் கூப்பிட்டார். வேலைக்குப் போகிற செருப்பைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். விரலிடுக்கில் றப்பர்பால் கறுத்துக் காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள்.

"கூத்த நீங்கதான் நிறுத்தினீங்களா?"

"இல்லீங்க சேர். நிறுத்துன்னு சொன்னது அவங்க. நான் அடிச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

மங்களேஸ்வரி தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு தரம் பார்த்தாள்.

"உண்மையச் சொல்ற வரைக்கும் சேர். இன்னுங் கொஞ்சம் சொணங்கியிருந்தாலும் அடிச்சிருப்பேன்."